இடுப்பில் இருந்த அதிர்ஷ்டம்

எங்கள் குடும்பத்தின் அதிர்ஷ்டம் மொத்தமும் என் முதுகு முடிகிற இடத்தில் இருந்தது. அங்கே ஒரு சின்னக் குழி. குழியைச் சுற்றிக் கொத்தாகக் கறுப்பு முடி. நான் பிறந்த அன்றே அதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். ஆஞ்சநேயர் வால் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார், பெண் குழந்தை என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. நான் பிறந்த மாதமே அப்பாவுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை நிரந்தரமானது. காற்று மட்டுமே வந்துகொண்டிருந்த போர்வெல்லில் தண்ணீர் வந்தது. அதற்குமேல் யாரும் சாட்சி கேட்கவில்லை.

வீட்டில் யாராவது நல்ல காரியமாகக் கிளம்பினால் முதலில் என்னைத் தெருமுனைக்குத் துரத்திவிடுவார்கள். அவர்கள் வாசல்படி இறங்கும்போது நான் எதிரே நடந்து வர வேண்டும். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கூடுவாஞ்சேரிக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய அன்று, ஒரு தடவை வந்தது போதாது என்று என்னைத் திரும்பத் திரும்ப நடக்கவைத்தார்கள். வெயிலில் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. ஆனால் பெண் அமைந்துவிட்டது. அந்தப் பெருமையில் நான் கல்யாண மண்டபத்தில் பெண்வீட்டார் பக்கம் போய் நின்று, உங்களை இங்கே வரவழைத்தது யார் தெரியுமா என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட அதிர்ஷ்டக்காரிக்கு ஒரே ஒரு குறை. ஏழு வயது முடிந்தும் பாவாடை காய்ந்ததில்லை. இரவில் பாய் நனைவது மட்டும் என்றால் ஊரில் பாதிப் பிள்ளைகள் எனக்குத் துணை இருந்திருப்பார்கள். எனக்குப் பகலிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது குளிர் காய்ச்சல் வரும், ஒன்றுக்குப் போனால் எரியும். முதுகுத்தண்டின் கடைசி எலும்புகள் சரியாக உருவாகாமலே நான் பிறந்திருந்தேன். உள்ளே ஓடும் நரம்புத் தண்டு கீழே ஒட்டிக்கொண்டு, நான் வளர வளர இழுபட்டுக்கொண்டிருந்தது. சிறுநீர்ப்பை நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரவே இல்லை. தேங்கியது மேலே ஏறிக் கிட்னியைக் கெடுத்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்ட கதை. அப்போது எங்கள் வீட்டில் இதற்குச் சூட்டு உடம்பு என்று பெயர்.

சூட்டு உடம்புக்கு உள்ள வைத்தியம் எல்லாம் நடந்தது. உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் கொடுத்தார்கள். பொழுது சாய்ந்தால் தண்ணீர்ச் சொம்பை எட்டாத உயரத்தில் வைத்துவிடுவார்கள். பாய் நனையாமலிருக்கப் படுக்கும் முன் எள்ளுருண்டை ஒன்று உண்டு. அதன் ருசிக்காகவே இந்தச் சூடு தணியக்கூடாது என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதும் உண்டு.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. கடைத்தெருவில் இருந்த டாக்டர் நல்ல மனிதர். நாக்கை நீட்டச் சொல்வார், டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பார், வயிற்றை அமுக்குவார், சிவப்பு மருந்து எழுதிக் கொடுப்பார். காய்ச்சல் இறங்கிவிடும். ஊசி என்று அவர் எழுந்தால் மட்டும் அம்மாவும் எழுந்துவிடுவாள்.

"இடுப்புல வேணாம் டாக்டர், கையிலயே போடுங்க."

"கையில வலிக்கும்மா."

"வலிச்சா வலிச்சிட்டுப் போவுது டாக்டர்."

குடும்பத்தின் அதிர்ஷ்டத்தை வெளி ஆள் பார்த்தால் கண் பட்டுவிடும் என்பது அம்மாவின் பயம். அதனால் என் பாவாடையை எப்போதும் மார்பு வரை ஏற்றி இழுத்துக் கட்டியிருப்பாள். குளிப்பாட்டுவது கதவைச் சாத்திக்கொண்டுதான். கடைத்தெரு டாக்டர் பார்க்காத பாகம் என் உடம்பில் அது ஒன்றுதான்.

எனக்கும் ஒரு கொள்கை இருந்தது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சுண்டு விரலைக் காட்டி, கால் மாற்றிக் கால் குதித்து, மிஸ்ஸிடம் கெஞ்சிவிட்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அது நடிப்பு என்று நினைத்தேன். வகுப்பிலிருந்து தப்பிக்க அப்படி ஒரு ஆட்டம் ஆட வேண்டும் போலிருக்கிறது என்று நானும் கண்ணாடி முன் குதித்துப் பழகிக்கொண்டேன். ஒன்றுக்கு வருவது என்பது உள்ளேயிருந்து தெரிகிற ஒரு விஷயம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்? பசியை யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா? நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் போவேன். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் போவேன். மற்றவர்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஏதோ கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பொறாமைப்பட்டேன். நான் குதிப்பதைப் பார்த்த அம்மாவோ, "எல்லாம் தெரியுது இவளுக்கு, கொழுப்பெடுத்துப் போய் வுட்டுக்கினு கீறா" என்று முடிவு கட்டிவிட்டாள். என் நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது.

மாமாவுக்குக் கல்யாணமாகி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. புதுப்பெண்ணை மகாபலிபுரம் அழைத்துப்போவது என்று முடிவாயிற்று. மாமா தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேன் சும்மாதான் நிற்கும். அப்பாவுக்கு அன்று ஷிஃப்ட். அம்மா, பெரியம்மா, மாமா, புது அத்தை போவதாக ஏற்பாடு. என் பெயர் அதில் இல்லை.

"ஓனரு இப்பத்தான் புது சீட்டு போட்டுகிறாரு. அவ்ளோ தூரம் இவ தாங்க மாட்டா. பக்கத்து வூட்டுல வுட்டுட்டுப் போலாம்" என்றாள் அம்மா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினேன். நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை.

மாமா காது குடைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று முகத்தில் பக்தியை வரவழைத்துக்கொண்டார்.

"அக்கா, உங்கிட்ட சொல்லல. நான் ஒரு வேண்டுதல் வெச்சிகிறேன். நல்லபடியா கல்யாணம் முடிஞ்சா, மகாபலிபுரம் போற வழியில கண்ணுல படற சாமிக்கெல்லாம் வண்டிய நிறுத்திக் கும்பிட்டுட்டுத்தான் போவேன்னு. எனக்கு எதிர்ல வந்தவளே இவதான். இவள வுட்டுட்டுப் போனா வேண்டுதல் செல்லுமா, நீயே சொல்லு."

வேண்டுதல் என்று வந்த பிறகு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. பெரியம்மா உடனே ஒரு பை நிறையக் கற்பூரம் எடுத்துக்கொண்டாள்.

செங்கல்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற அந்தச் சாலையில் எத்தனை சாமி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அரசமரத்துப் பிள்ளையாருக்கு நிறுத்தினார். ஏரிக்கரை அம்மனுக்கு நிறுத்தினார். பாம்புக் கல்லுக்கு, சூலத்துக்கு, மஞ்சள் துணி சுற்றிய வேப்பமரத்துக்கு நிறுத்தினார். ஓரிடத்தில் கோயிலே இல்லை, "திருப்பணி நடைபெறுகிறது" என்ற பலகைதான் இருந்தது, அதற்கும் நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் பெரியம்மா கற்பூரம் ஏற்றுவாள், மாமா கண்ணை மூடிக்கொள்வார், அம்மா என்னைப் புதர்ப் பக்கம் இழுத்துப்போவாள். வேனுக்குத் திரும்பும்போது மாமா சீட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மீசைக்குள் சிரித்துக்கொள்வார். மாமாவுக்கு இவ்வளவு பக்தி எப்போது வந்தது என்று நான் வியந்துகொண்டிருந்தேன். முக்கால் மணி நேரத்துப் பயணம் அரைநாள் ஆனது. புது சீட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

கடலைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அது பெரியது என்பதல்ல. அங்கே எல்லோரும் நனைந்திருந்தார்கள். தாத்தாக்கள், போலீஸ்காரர் மாதிரி மீசை வைத்தவர்கள், கழுத்து நிறைய நகை போட்ட அம்மாக்கள், எல்லோருடைய துணியும் சொட்டிக்கொண்டிருந்தது, ஒருவரையும் யாரும் திட்டவில்லை. அத்தனை பேரும் என் கட்சி. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததே இல்லை. ஒரு கால் செருப்பு மட்டும் வழக்கம்போலக் கழன்று போனது. என் இடது பாதம் மற்றதைவிடச் சின்னது, செருப்பு அதில் நிற்காது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அம்மா வருஷா வருஷம் கடையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெரிய அலை ஒன்று அம்மாவையே உருட்டிவிட்டது. கண், மூக்கு, தலை எல்லாம் மணல். பெரியம்மா அவளை உட்காரவைத்துக் கண்ணை ஊதிக்கொண்டிருந்தாள். எனக்குத் துணி மாற்றும் வேலை புது அத்தையிடம் வந்தது.

அத்தை பிசியோதெரபி படித்தவள். எங்கள் வீட்டில் அதைக் கைகால் பிடித்துவிடும் படிப்பு என்று புரிந்துகொண்டிருந்தார்கள். படகு மறைவில் என்னை நிறுத்தித் துண்டைச் சுற்றி, ஈரப் பாவாடையை அவிழ்த்து, முதுகைத் துடைத்துக்கொண்டே வந்தவளின் கை ஒரு இடத்தில் நின்றுவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டு அதிர்ஷ்டத்தைப் பார்த்துவிட்டாள். இனி இவளும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவளோ குனிந்து என் பாதங்களைப் பார்த்தாள். விரலால் அங்கங்கே தொட்டு, "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்டாள். சில இடங்களில் தெரிந்தது, சில இடங்களில் தெரியவில்லை. பிறகு எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"பாப்பா, ஒண்ணுக்கு வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பெல்லு அடிச்சா."

"பெல் அடிக்கலைன்னா?"

"அப்ப எப்பிடித் தெரியும்?" என்றேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இன்னாத்தை, உனக்குத் தெரியுமா?"

அத்தை துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிவிட்டாள். "தெரியும் கண்ணு" என்று மெதுவாகச் சொன்னாள். காலேஜ் வரை படித்தவளுக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது வேனில் அவள் பேச்சை எடுத்தாள். பயிற்சிக்குப் போன இடத்தில் இப்படிக் குழந்தைகளைப் பார்த்திருக்கிறாள். முதுகில் முடிக்கொத்து இருந்தால் உள்ளே எலும்பும் நரம்பும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். வேணுமென்று நனைக்கவில்லை இவள், இவளுக்குத் தெரியவே இல்லை. விட்டால் கிட்னி போய்விடும்.

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "நீ வந்து மூணு வாரம் ஆவல. என் பொண்ணு அதிர்ஷ்டத்துல நீ இந்த வூட்டுக்கு வந்த. அதையே நோவுன்னு சொல்றியா?"

"பார்க்கக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வெச்சோம், பார்த்துட்டா, கண்ணு வெச்சிட்டா" என்றாள் பெரியம்மா, யாரிடமும் சொல்லாததுபோல.

அத்தையின் கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் இறங்கவில்லை. "அண்ணி, ஒரே ஒரு தடவை பெரிய டாக்டர்கிட்ட முதுகைக் காட்டுங்க. நான் சொன்னது தப்பா இருந்தா என்னை எங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்."

வேன் சட்டென்று நின்றது. பெரியம்மா பழக்கத்தில் கையைக் கூப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெறும் வயல்.

"எந்த சாமிடா?"

"சாமி இல்ல" என்றார் மாமா. திரும்பி அம்மாவைப் பார்த்தார். "அக்கா, வேண்டுதல்லாம் ஒண்ணும் கெடையாது. இவளுக்காவத்தான் நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். எத்தினி நாளிக்கு இப்பிடியே நிறுத்தி நிறுத்தி ஓட்டறது? அவ சொல்றத கேளுக்கா."

அதன் பிறகு வேனில் நடந்ததை வார்த்தையில் எழுத முடியாது. சாமி பேரில் பொய் சொன்னானே பாவி என்று பெரியம்மா ஒரு பக்கம். எனக்கும் பெரிய அதிர்ச்சிதான். பலகைக்கு ஏற்றிய கற்பூரம் வரை எல்லாம் பொய் என்றால் சாமி எங்கள் எல்லோர் கண்ணையும் குத்திவிடாதா என்று பயந்துகொண்டே வந்தேன். அம்மா மட்டும் என்னை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பயணத்தில் வேன் வேறெங்கும் நிற்கவில்லை. புது சீட்டும் தப்பவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா கேட்டார், யோசித்தார். "காட்டிட்டா இன்னா கொறைஞ்சிடப் போவுது? நாளைக்கு நான் லீவு" என்றார்.

மறுநாள் காலையில் கிளம்பும்போதுதான் சிக்கல். எப்போதும் எதிரே வருகிறவளே கிளம்புகிறாள், இன்றைக்கு யார் எதிரே வருவது? பெரியம்மா கோபத்தில் வெளியே வரவில்லை. அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அத்தையைப் பார்க்காமல், மாமாவிடம் பேசுவதுபோல, "புதுப்பொண்ணு, தண்ணிக் கொடத்தோட வந்தா நல்லதும்பாங்க" என்றாள். அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடியேவிட்டாள். குடம் தளும்பித் தளும்பி அவள் பட்டுச்சேலை முழுக்க நனைந்து வந்தாள். இதில் எனக்கிருந்த அனுபவத்தில் சொல்கிறேன், மெதுவாக நடந்து வந்திருக்கலாம்.

செங்கல்பட்டில் டாக்டரம்மா ஒருவர் முதலில் முதுகைத்தான் பார்த்தார். படங்கள் எடுத்தார்கள். பிறகு சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் படங்கள் எடுத்தார்கள். ஒரு கிட்னி வீங்கிக் கெட்டுவிட்டது, இன்னொன்றைக் காப்பாற்றிவிடலாம், முதலில் ஒட்டியிருக்கிற நரம்பை ஆபரேஷன் செய்து விடுவிக்க வேண்டும் என்றார்கள். "இன்னும் ஒரு வருஷம் போயிருந்தா ரெண்டும் போயிருக்கும்" என்ற அந்தப் பெரிய டாக்டர், என் முதுகை மறுபடி பார்த்துவிட்டு, "இவ்வளவு தெளிவா அடையாளம் இருக்கே, இத்தனை வருஷத்துல யாருமே பார்க்கலியா?" என்று கேட்டார். அம்மா என் பாவாடை நாடாவை அவிழ்த்து அவிழ்த்து முடிந்துகொண்டிருந்தாள்.

மிச்சமிருந்த அந்த ஒரு கிட்னிதான் இன்றும் எனக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது. சேதி கொண்டுபோகிற நரம்பு முழுதாகத் தேறவில்லை. நாவலூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் என் போனில் மணி அடித்தால் எழுந்து போகிறேன், கைப்பையில் இருக்கும் மெல்லிய குழாயால் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு, வழியில் டீயும் குடித்துவிட்டு வருகிறேன். இவள் டீக்கு அடிமை என்று சக ஊழியர்கள் கேலி செய்கிறார்கள். பாவாடை என்னவோ அப்போதிருந்து காய்ந்தே இருக்கிறது. பெரியம்மா கூட, அந்தப் புதுப்பெண்ணை இழுத்துக்கொண்டு வந்ததே இவள் அதிர்ஷ்டம்தானே என்று தன் கட்சியை இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம். நர்ஸ் அக்கா வந்து என்னைக் குப்புறப் படுக்கவைத்து அந்த முடிக்கொத்தை மழித்துவிட்டுப் போனாள். கொஞ்சம் கூசியது. திரும்பிப் பார்த்தால் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவ்வளவு வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாற்றின அதிர்ஷ்டம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டதே, அழாமல் என்ன செய்வாள்? எழுந்து உட்கார்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அழுவாதம்மா. முடிதான, திரும்ப மொளைக்கும். மொளைச்சதும் எந்த டாக்டருக்கும் காட்டாம நானே பத்திரமா மூடி வெச்சிக்கிறேன்" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு, சுற்றிலும் நோயாளிகள் இருப்பதையும் மறந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். இவ்வளவு நல்ல ஆறுதல் சொல்லியும் ஏன் அழுகை கூடியது என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.